யாருக்கும் சொந்தமில்லாத அரை மணி

நாற்பதாயிரம் கோழிகள் ஒரே நேரத்தில் தண்ணீர் குடிக்கும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கூண்டுகளுக்கு மேலே நீளமாக ஓடும் குழாயில் சாணுக்கு ஒன்றாகச் சின்ன எஃகு முனைகள் தொங்கும். நிப்பிள் என்போம். கோழி அதை அலகால் தட்டினால் ஒரு சொட்டு விழும். டிக். பக்கத்துக் கோழியும் தட்டும். டிக். இப்படி ஒரு கொட்டகை முழுவதும் தட்டினால் தகரக் கூரையில் தூறல் விழுவது போலவே இருக்கும். நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் பதினோரு வருடம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். அந்தத் தூறலைக் கேட்டபடி டீ குடிப்பதுதான் எனக்கு வாய்த்த சங்கீத ஞானம். ஒரு சித்திரை மாதக் காலையில் அந்தத் தூறல் காய்ந்தது. டிக் டிக் என்று கேட்கத்தான் செய்தது. ஆனால் நாற்பதாயிரம் அலகுகள் வெறும் இரும்பைத் தட்டுகிற சத்தம் அது. தண்ணீரை நிறுத்திய மகான் நான்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கோழிக்கு ஒவ்வொன்றாக ஊசி போடப் போனால் ஆயுள் போதாது. அதனால் சில தடுப்பு மருந்துகளைக் குடிநீரில் கலந்து கொடுப்போம். அதற்கு முன்பு தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும். பிறகு கோழிகளைக் கொஞ்ச நேரம் தாகத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் மருந்துத் தண்ணீர் வந்ததும் எல்லாமே பாய்ந்து குடிக்கும். புத்தியுள்ளவன் ஒரு தொட்டியைக் கழுவும்போது இன்னொன்றை நிரப்பி வைத்திருப்பான். நான் சுத்தக்காரன். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, உள்ளே இறங்கி, பாட்டுப் பாடிக்கொண்டே தேய்த்தேன். தேய்த்து முடித்து, மருந்து வீரியம் கெடாமலிருக்கத் தண்ணீரில் கலக்கும் பால்பவுடரைத் தயாராக வைத்து, ஐஸ் போட்ட மருந்துப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போர் மோட்டாரைப் போட்டேன். குழாய் இரண்டு முறை இருமியது. ஒரு கை அளவு செம்மண் குழம்பைத் துப்பியது. அதற்கப்புறம் வெறும் காற்று. கோழிகளை வேண்டுமென்றே தாகத்தில் தள்ளி, இருந்த தண்ணீரையும் வேண்டுமென்றே வாய்க்காலில் விட்டுவிட்டு, அதன் பிறகு பூமாதேவியிடம் கையேந்தி நின்ற முதல் சூப்பர்வைசர் அநேகமாக நானாகத்தான் இருப்பேன்.

மணி எட்டரை. சித்திரை வெயிலில் தண்ணீரில்லாத கோழி மத்தியானத்தைத் தாண்டாது. டேங்கர் லாரிக்காரருக்குப் போன் போட்டேன். மூன்று கல்யாண மண்டபம், ஒரு கட்டடம், எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டாராம். "பொழுதோட வாரேனுங்க" என்றார். பொழுது சாயும்போது வந்தால் கொட்டகையைக் கழுவத்தான் அந்தத் தண்ணீர் உதவும். அந்த நேரம் பார்த்துத் திருச்செங்கோட்டில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த முதலாளியும் கூப்பிட்டார்.

"மருந்து குடுத்தாச்சுங்களா?"

"அதுதானுங்க நடந்துக்கிட்டிருக்குது."

"கோழி நல்லாக் குடிக்குதா?"

"நெம்ப ஆர்வமா இருக்குதுங்க" என்றேன். பொய் இல்லை.

என் பீதி கொஞ்சம் விசித்திரமானது. முதலில் காது சிவக்கும். அடுத்து, தேவையே இல்லாத ஒரு பொருளை இறுகப் பிடித்துக்கொள்வேன். அன்று அது மருந்துப் பெட்டி. அதைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஊருக்குள் ஓடினேன். ஓடியது தண்ணிக்காரம்மாவிடம்.

ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, தெருத்தெருவாக வால்வு திறந்து மூடுகிறவர் அவர். வேலை அவர் கணவருக்கு வந்தது. கணவர் வடநாட்டு லாரிக்குப் போய்விட, அது இவர் கைக்கு வந்து தங்கியது. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். வால்வு திருகும் நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் நடந்து வந்தால், குடங்கள் தாமாக வரிசைக்கு வந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு. கையில் கடிகாரம் கிடையாது. ஆனால் மேலத் தெருவுக்கு முக்கால் மணி என்றால் முக்கால் மணிதான். தலைவர் வீட்டில் விருந்தாளி வந்திருந்தாலும் சரி, ஒற்றைக் கிழவரின் குடம் பாதியில் நின்றாலும் சரி.

அவரைப் பற்றி எனக்கு அதற்கு முன்பே ஒரு பிரமிப்பு உண்டு. ஒருமுறை யாரோ ஒரு அதிகாரி படிவத்தோடு வந்து, இந்த ஊரில் எதற்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று விசாரித்தார். லிட்டர், கன அடி என்று அவர் ஆரம்பிக்க, தண்ணிக்காரம்மா குறுக்கே புகுந்தார். அவரிடம் இருந்தது ஒரே அளவை. தெரு. ஒரு தெருவுக்கு ஒரு நாளைக்குப் போகும் தண்ணீர்தான் அவருடைய முழம், படி, பவுன் எல்லாம். "அந்தச் சவ்வரிசி சேகோ பேக்டரி கெழங்கு கழுவறதுக்கு நாளைக்கு ஆறு தெருங்க. பைபாஸ்ல லாரி கழுவறாங்களே, அங்க ரெண்டு லாரிக்கு அரைத் தெரு. ஏரிக்கரைக் கரும்பு ஒருக்காக் குடிச்சா நாப்பது தெருங்க. எங்க ஊரே பத்துத் தெருதான்" என்றார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தண்ணிக்காரம்மா என் பக்கம் கையைக் காட்டி, "இவிங்க பண்ணைக் கோழி ஒரு தெருகூடக் குடிக்காது. ஆனா கோழி தின்ற மக்காச்சோளம் குடிச்சிருக்குமே, அத எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?" என்று கேட்டார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அன்று இரவு சாப்பாட்டில் வைத்த முட்டையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எங்கோ ஒரு மக்காச்சோளக் காட்டு மழை உட்கார்ந்திருப்பது போலவும், அதை உப்பும் மிளகும் தூவி நான் விழுங்கப்போவது போலவும் தோன்றியது. விழுங்கத்தான் செய்தேன். என் பிரமிப்பு என்றைக்கும் பசியை மிஞ்சியதில்லை.

அந்தத் தண்ணிக்காரம்மா முன்னால் மூச்சிரைக்க நின்று விஷயத்தைச் சொன்னேன். தொட்டியிலிருந்து ஒரு மணி நேரம் பண்ணைப் பக்கம் திறந்துவிட முடியுமா என்று கேட்டேன்.

"முடியாதுங்க."

"நாப்பதாயிரம் உசுருங்கம்மா."

"இது ஊட்டுத் தண்ணிங்க. கோழிக்கு உட்டன்னா நாளைக்குக் காலையில கீழத் தெருவுல ஒல வெக்க முடியாது. நீங்க அழுதாலும் கெடையாதுங்க."

"அழுதுருவேன்."

"அழுங்க. அதுவும் தண்ணிதான். கோழிக்கு ஊத்துங்க."

நான் உண்மையிலேயே அழும் நிலையில் இருந்தேன் என்பது அவருக்கு அப்புறம்தான் புரிந்திருக்க வேண்டும். சாவியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "வாங்க போலாம்" என்றார். எங்கே என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

எங்கள் பண்ணை வேலியை ஒட்டி ஒரு பெரிய கிணறு. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுப்பங்கு. பாகம் பிரித்தபோது நிலத்தை நடுவில் வெட்டிக்கொண்டார்கள். கிணற்றை வெட்ட முடியாததால் நேரத்தை வெட்டிக்கொண்டார்கள். காலையிலிருந்து சேகோ ஆலையின் பன்னிரண்டு மணிச் சங்கு வரை ஒருவர் முறை; அதற்கப்புறம் மற்றவர். மறுநாள் மாற்றிக்கொள்வார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் வருடக்கணக்காகிறது. சங்கு ஊதியும் அண்ணன் மோட்டாரை நிறுத்தவில்லை, ஊதும் முன்பே தம்பி வாய்க்காலைத் திருப்பிவிட்டான் என்று சண்டை மண்வெட்டிவரை போனதால், ஊர்ப் பெரியவர்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். சங்கு ஊதியதிலிருந்து அரை மணி நேரம் மோட்டார் ஓடக்கூடாது. கிணறு ஊறட்டும், மனுஷனும் ஆறட்டும் என்று. அந்த அரை மணியில் இரண்டு பேரில் யாரும் மோட்டார் அறையை நெருங்கவே கூடாது.

நாங்கள் போனபோது அண்ணன் முறை. கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. குழாய் வாயிலிருந்து என் தொடைப் பருமனுக்குத் தண்ணீர் விழுந்து, நுரைத்து, வாய்க்காலில் ஓடியது. வெயில் அதன்மேல் ஏறி மினுங்கியது. வேலிக்கு இந்தப் பக்கம் நாற்பதாயிரம் காய்ந்த தொண்டைகள், அந்தப் பக்கம் இது. அந்தக் கணத்தில் அந்தத் தண்ணீரைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. பெட்டியோடு அப்படியே வாய்க்காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது.

அண்ணன் கெட்டவர் அல்ல. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "தண்ணி இருக்குதுங்க. இல்லைங்கல" என்றார். "ஆனா குடுத்தன்னா எனக்கு மிச்சம் இருக்குதுன்னு ஆயிரும். மிச்சம் இருக்கறவனுக்கு எதுக்கு அரை நாளுன்னு நாளைக்கே அவன் பஞ்சாயத்து வெப்பான்."

தம்பி நாலடி தள்ளி வரப்பில் நின்றிருந்தார். அண்ணன் முறை சரியாக முடிகிறதா என்று கண்காணிப்பதுதான் அவருடைய முற்பகல் வேலை. "சங்கு ஊதுனா உங்க முறைதானுங்களே, நீங்களாச்சும்" என்று அவர் பக்கம் திரும்பினேன். "அவரு குடுக்காத தண்ணிய நாங்குடுத்தா, பொழைக்கத் தெரியாதவம்பாங்க ஊருல" என்றார்.

இரண்டு பேருமே தர மாட்டோம் என்று சொல்லவில்லை. தந்தால் கிணற்றில் தங்கள் உரிமை ஒரு விரல் தேய்ந்துபோகும் என்று பயந்தார்கள். தண்ணீருக்கு இத்தனை பயம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். மணி பதினொன்றரை. கோழிகள் இறக்கையை விரித்து, அலகைத் திறந்து, இரைத்துக்கொண்டிருந்தன. டிக் சத்தம் அடியோடு நின்றுவிட்டிருந்தது. தட்டிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துகொண்டுவிட்டன. அந்த அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை. மூலைக் கூண்டுகளில் சில சாய்ந்துவிட்டன. திரும்ப ஓடினேன்.

தண்ணிக்காரம்மா அசையாமல் அதே இடத்தில் நின்றிருந்தார். வாய்க்காலைப் பார்த்தபடி கேட்டார்:

"அந்த அரை மணித் தண்ணி ஆருதுங்க?"

அண்ணன் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினார்; தண்ணிக்காரம்மாவே பதிலும் சொன்னார்.

"ஆருதும் இல்லையே. உங்களுதும் இல்ல, அவிங்களுதும் இல்ல. அதக் குடுத்தா ஆருக்கு என்ன கொறையும்?"

அண்ணன் யோசித்தார். "அவங்கிட்டச் சொல்லு, அப்புறம் இதைய எங்கணக்குல ஏத்திரக் கூடாதுன்னு" என்றார், தம்பியின் முகத்தைப் பார்க்காமல்.

தம்பி, "எனக்குக் காது கேக்குது. அவருகிட்டச் சொல்லு, ஏத்தறவன் நான் இல்லீன்னு" என்றார், அண்ணனின் கரும்பைப் பார்த்துக்கொண்டு.

"கேக்குதில்ல? அப்பறம் நேராப் பேசறது. நான் என்ன மைக்செட்டா?"

"பேசறதுக்கு இல்லீம்மா. அந்த அரை மணியில மோட்டாரு பட்டன ஆரு அமுக்கறது? நான் அமுக்குனா அவன் உடமாட்டான். அவன் அமுக்குனா நான் உடமாட்டேன்" என்றார் அண்ணன்.

அந்த முடிச்சை நான் யோசித்திருக்கவே இல்லை. என் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. பெட்டிக்குள் ஐஸ் கரைந்து சளக் சளக் என்றது.

"நான் அமுக்கறேனுங்க" என்றார் தண்ணிக்காரம்மா. "எனக்கு இங்க பங்குமில்ல, பங்காளியுமில்ல."

இதன் கனம் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று தெரியாது. அவருடைய அம்மா அந்தத் தோட்டத்தில் களையெடுத்தவர். அவரும் சிறுவயதில் அங்கே கிழங்கு வெட்டப் போனவர். அவர்கள் தெருவிலிருந்து வந்த யாரும் அந்த மோட்டார் அறை வாசற்படியைத் தாண்டியதில்லை. தாகமெடுத்தால் வாய்க்காலில் இரண்டு கையையும் ஏந்திக் குடித்துவிட்டுப் போனவர்கள். அண்ணன் தம்பி இருவரும் முதல்முறையாக ஒரே நேரத்தில் ஒரே முகத்தைப் பார்த்தார்கள். கிணற்றடியில் இரண்டு மைனாக்கள் கத்தின. சேகோ ஆலைச் சங்கு ஊதியது. அண்ணன் உள்ளே போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தவில்லை. வாசலிலிருந்து மூன்றடி நகர்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். தம்பியும் மூன்றடி விலகினார். அவ்வளவுதான் சம்மதம்.

தண்ணிக்காரம்மா இரும்புச் சாவியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார். நான் எங்கள் பண்ணை ஓஸை இழுத்துக் குழாய் வாயில் மாட்டினேன். ஒரு கக்கத்தில் மருந்துப் பெட்டி இருந்ததால் மூன்று முறை நழுவியது. தம்பி பொறுக்கமாட்டாமல் வந்து மாட்டிக் கொடுத்தார். "இது தொட்டதாகாதுங்க, ஓஸு உங்களுது" என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டு விலகிப்போனார். உள்ளே பட்டன் அமுங்கியது. மோட்டார் உறுமியது. தரையில் சப்பையாகக் கிடந்த ஓஸ் கிணற்றடியிலிருந்து புடைத்துக்கொண்டே வந்து, வேலியைத் தாண்டி, எங்கள் தொட்டிக்குள் இடிபோல் கொட்டியது.

கொட்டகையில் முதல் டிக் கேட்டது. பிறகு பத்து. பிறகு பெருமழை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தொட்டியின் கழுத்துக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. கோழிகள் குடிக்கும் வேகத்துக்கு அந்த ஒரு முழம் இருந்தால் சாயங்காலம் டேங்கர் வரும்வரை கவலையில்லை. நான் வேலிக்கு ஓடினேன். தண்ணிக்காரம்மா அறை வாசலில் நின்று, சுவரின் நிழல் தரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டே நிமிசமுங்கம்மா!"

அவர் உள்ளே போனார். மோட்டார் நின்றது. ஓஸ் சுருங்கிப் படுத்தது.

"ரெண்டு நிமிசந்தானுங்களே" என்றேன். கெஞ்சலும் கோபமும் கலந்து குரல் கீச்சென்றது.

"அந்த ரெண்டு நிமிசம் அவிங்களுதுங்க" என்று தம்பியைக் காட்டினார். தம்பியே, "இருந்துட்டுப் போவுதும்மா" என்று முனகினார். தண்ணிக்காரம்மா கேட்காதவர்போல் இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு, மேலத் தெருவுக்கு நேரமாச்சு என்று நடந்தார்.

அன்று அறுபத்து மூன்று கோழிகள் செத்தன. மிச்சமெல்லாம் பிழைத்தன. முதலாளி வந்து என்னைத் திட்டிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது. ஆனால் அவரும் கடைசியில் வேலியோரம் நின்று அந்தக் கிணற்றை வெகுநேரம் பார்த்தார். மருந்துப் பெட்டியை நான் சாயங்காலம் வரை கீழே வைக்கவே இல்லையாம். உள்ளே ஐஸ் வெந்நீராகியிருந்தது.

ஒரு கரும்புக்காடு அரை மணி நேரத்தில் குடிக்கிற தண்ணீர், நாற்பதாயிரம் உயிர்களுக்கு ஒரு பகல். இந்த விகிதம் இன்னும் என்னைத் திகைக்க வைக்கிறது. நாட்டின் தண்ணீரில் பெரும்பங்கு வயலுக்கே போகிறது, மிச்சத்தைத்தான் ஆலைகளும் வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன என்று தொலைக்காட்சியில் வட்டம் வரைந்து காட்டுகிறார்கள். வட்டத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டின்மேல் ஒரு ஆள் நின்றாக வேண்டும் என்பது வட்டத்தைப் பார்த்தால் தெரியாது.

இப்போது நான் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் இருக்கிறேன். கோழியை விட்டுத் தீவன விற்பனைக்கு மாறிவிட்டேன். போன கோடையில் குடியிருப்பின் போர் வற்றியது. லாரித் தண்ணீரை மாடிக்கு இருபது நிமிடமாக வால்வு திருகிப் பிரித்துவிட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு என்று வாயைக் கொடுத்தேன். முதல் நாளே தரைத்தள வீட்டு ஓய்வுபெற்ற டீச்சரம்மா, "தம்பி, துணி ஊறிட்டு இருக்கு, இன்னும் அஞ்சே நிமிஷம்ப்பா" என்று சிரித்தார். விட்டேன். முதல் மாடியில் கைக்குழந்தை. ஏழு நிமிடம். இரண்டாவது மாடிக்காரர் என்னைப் போலவே ஜோக் அடிப்பவர்; அவருக்கு எட்டு. எல்லோரும் என்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள். மூன்றாவது மாடி வால்வைத் திறந்தபோது லாரித் தொட்டியின் அடி தெரிந்தது. மேலே தலை முழுக்கச் சீயக்காயோடு என் மனைவி ஜன்னலைத் திறந்து, "ஏனுங்க, ஊருக்கெல்லாம் கர்ணனாட்ட வாரி உட்டுப்போட்டு, கட்டினவளுக்கு மட்டும் காத்தா?" என்று கேட்டது நாலு வீட்டுக்கும் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் இருபதாவது நிமிடம் டீச்சரம்மா அதே சிரிப்போடு வந்தார். "அஞ்சே நிமிஷம்ப்பா." நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வால்வைத் திருகினேன். "முடியாதுங்க டீச்சர்" என்று வால்விடம் சொன்னேன். கை நடுங்கி, வால்வு இரண்டு சுற்று எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வந்தது. ஐந்து நிமிடத் தண்ணீர், ஒரு பக்கெட் துணி, கோபித்துக்கொண்டால் அதிகபட்சம் பேசமாட்டார். இதற்கே இந்த நடுக்கம். வேலிக்கு அந்தப் பக்கம் நான் கத்திக்கொண்டிருக்க, கொடுக்கச் சம்மதித்துத் தம்பி நின்றிருக்க, நாற்பதாயிரம் கோழிகள் குடித்துக்கொண்டிருக்க, அந்த அம்மாள் ஒரே ஒரு விரலால் மோட்டாரை நிறுத்தினார். திறந்திருந்த கதவு வழியே அந்த விரலை நான் பார்த்தேன். அது நடுங்கவில்லை.

டீச்சரம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. மூன்றாவது மாடிக்கு இருபது நிமிடம் தண்ணீர் வருகிறது.